காவா காலமும் கான்கிரீட் காலமும்

ஏற்காட்டில் மழைநீர் வடிகால் என்ற பேச்சே இல்லாத காலத்தில் ஏரித் தண்ணீர் தெளிவாக இருந்தது. தெருவுக்குத் தெரு வடிகால் கட்டிய பிறகு அது கலங்கிவிட்டது. வெளியூர் நண்பர்களிடம் இதைச் சொன்னால் நம்பத் தயங்குகிறார்கள். ஊர் சுத்தமாக இருக்கத்தானே வடிகால் கட்டுகிறார்கள், அது எப்படி ஏரியைக் கெடுக்கும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்ல வேண்டுமானால் என் அப்பாவின் மம்பட்டியில் இருந்து தொடங்க வேண்டும்.

அப்பா மலைச்சாலையில் கேங் கூலி. சேலம் அடிவாரத்தில் இருந்து ஏற்காடு ஏறும் சாலைக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். அந்தச் சாலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு மேஸ்திரியும் சில ஆட்களும் என்று விட்டிருப்பார்கள். மம்பட்டி, கடப்பாரை, அரிவாள், மண் அள்ள இரும்புச் சட்டி, இவ்வளவுதான் சாமான். 1970-களில் நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். லீவு நாளில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோவது என் வேலை. சோற்றுத் தூக்கை மதகுச் சுவரில் வைத்துவிட்டு அவர்கள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தண்ணீரைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அங்கே உட்கார்ந்து தெரிந்துகொண்டது.

மலைச்சாலையின் மேட்டுப் பக்கத்தில் ஒரு காவா ஓடும். மேலே உள்ள சரிவில் இருந்து இறங்கும் மழைத்தண்ணீரை அது வாங்கிக்கொள்ளும். கொஞ்ச தூரத்துக்கு ஒரு சிறுபாலம் இருக்கும். அதுவரை சேர்ந்த தண்ணீர் அந்தச் சிறுபாலத்துக்குள் புகுந்து, சாலைக்கு அடியில் போய், பள்ளத்துப் பக்கம் காட்டுக்குள் இறங்கிவிடும். அடுத்த துண்டில் சேரும் தண்ணீருக்கு அடுத்த சிறுபாலம். இப்படி மலையின் தண்ணீரைச் சின்னச் சின்னப் பங்காகப் பிரித்துப் பிரித்து இறக்குவதுதான் அந்தச் சாலையின் சூட்சுமம். ஒரு சிறுபாலத்தின் வாயில் சருகும் கல்லும் அடைத்துக்கொண்டால் அந்தப் பங்குத் தண்ணீர் நேரே அடுத்ததுக்கு ஓடும். அங்கே இரண்டு பங்கு சேரும். அதுவும் தாங்காவிட்டால் மூன்று பங்கு. அப்புறம் அது சாலை மேல் ஏறி, விளிம்பை அறுத்து, மண்ணையும் மரத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். கீழே ஓடையில் போய் விழும்போது அது தண்ணீராக இருக்காது, சேறாக இருக்கும்.

அதனால் கோடை மழைக்கு முன்னால் ஒரு தடவை, ஆவணி மழைக்கு முன்னால் ஒரு தடவை, ஐப்பசிக்கு முன்னால் ஒரு தடவை என்று காவா முழுவதையும் சுரண்டி எடுப்பார்கள். மழை பெய்துகொண்டிருக்கும்போதே கோணிச் சாக்கை முக்காடாகப் போட்டுக்கொண்டு சிறுபாலத்தின் வாயில் குனிந்து நிற்கும் அப்பாவைப் பார்த்திருக்கிறேன். "ஏம்ப்பா, மழை உட்ட பொறவு பாத்துக்கக் கூடாதா?" என்று ஒரு நாள் கேட்டேன். "உட்ட பொறவு என்னத்தப் பாக்கறது? தண்ணியக் கூட்டம் சேர வுட்றக் கூடாது சாமி. சேந்துச்சுன்னா அப்பறம் நம்ம பேச்சக் கேக்காது" என்றார்.

காவாவின் உள்பக்கம் வெறும் மண். சரிவு அதிகமுள்ள இடத்தில் மட்டும் கல் அடுக்கியிருப்பார்கள், சாந்து பூசாமல். கல்லிடுக்கில் பன்னமும் புல்லும் முளைக்கும். வாயை அடைக்கிற புல்லைத்தான் அப்பா அறுப்பாரே தவிர, காவாவின் அடியில் இருக்கும் குட்டைப் புல்லை விட்டுவிடுவார். அது மண்ணைப் பிடித்துக்கொள்ளும், தண்ணீரையும் கொஞ்சம் நிறுத்தும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று பொறியியல் மாணவர்களுக்குப் புல் வடிகால் என்று இதைத் தனிப் பாடமாக நடத்துகிறார்கள்.

ஊருக்குள்ளும் அப்படித்தான். அன்றைக்கு வீடுகளுக்கு ஓடு அல்லது தகரம். தாழ்வாரத்தில் இருந்து விழும் தண்ணீர் முற்றத்து மண்ணில் ஒரு வரிசைக் குழி பறித்து அங்கேயே பாதி இறங்கிவிடும். மீதி வழிந்தால் பக்கத்துக் காப்பித் தோட்டத்துக்குள் போகும். காப்பித் தோட்டத்தில் சரிவுக்குக் குறுக்கே, செடி வரிசைகளுக்கு நடுவே நீளநீளமாகக் குழி வெட்டியிருப்பார்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்பது பாடப் புத்தகச் செய்தி. காப்பியோடு வந்த இந்தக் குழிகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. மேல்மண் அடித்துப் போனால் காப்பி போச்சு என்பதற்காகத்தான் தோட்டக்காரர்கள் குழி வெட்டினார்கள். ஏரியைப் பற்றி அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் ஏரிக்கு அதனால் விளைந்த நன்மை பெரிது. சருகும் வண்டலும் குழியில் தங்கும், தண்ணீர் கீழே இறங்கும், நிறைந்தால் மட்டுமே அடுத்த வரிசைக்கு வழியும்.

கடைசியில் ஏரி. ஓடைகள் ஏரியில் சேரும் இடத்தில் நல்ல அகலத்துக்குச் சதுப்பு இருந்தது. கோரையும் சம்பும் ஆள் உயரம் நிற்கும். அதற்குள் கால் வைத்தால் முழங்கால் வரை போய்விடும் என்று எங்களைப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். மழைநாளில் ஓடை சிவப்பாகத்தான் வரும். அந்தக் கோரைக்குள் நுழைந்து மறுபக்கம் வரும்போது சிவப்பு குறைந்திருக்கும். ஏரியின் நடுவில் நீர் பச்சையாக, அடியில் பாசி தெரியும் அளவுக்கு நிற்கும். ஏரி நிறைந்து வழியும் தண்ணீர்தான் கிளியூர் அருவிக்குப் போகிறது. ஏறத்தாழ 300 அடி உயரத்தில் இருந்து விழும் அந்த அருவியில் குளித்துவிட்டு அதே தண்ணீரைக் குடித்தும் வந்திருக்கிறோம்.

பழைய காலம் எல்லாமே சுத்தம் என்று சொல்ல நான் வரவில்லை. கார்த்திகையில் இருந்து தை வரை காப்பிப் பழம் எடுக்கும் பருவம். பல்ப்பரில் பழத்தின் தோலை உரித்து, வழவழப்பைக் கழுவி விடும் தண்ணீர் அன்று அப்படியே ஓடைக்குப் போனது. அதில் இருக்கும் சர்க்கரை புளித்து, நீரில் கரைந்திருக்கும் உயிர்வளியைத் தின்றுவிடும். ஓடையில் மீன் மல்லாந்து மிதக்கும், கிட்டே போனால் புளித்த நாற்றம் அடிக்கும். பிற்பாடு காப்பி வாரியமும் மாசுக் கட்டுப்பாட்டு விதிகளும் வந்து, கழிவுநீரைத் தொட்டியில் தேக்க வேண்டும், குறைந்த தண்ணீரில் பழம் உரிக்கும் எந்திரம் வாங்க வேண்டும் என்றெல்லாம் சொன்ன பிறகுதான் அது மட்டுப்பட்டது. மலையின் சில முகடுகளில் பாக்சைட் வெட்டினார்கள். வெட்டிப் போட்ட நிலத்தில் இருந்து மழைக்காலத்தில் செங்குழம்பு இறங்கியது. எனவே அன்றைக்கு அழுக்கு இல்லை என்பதல்ல என் பேச்சு. அழுக்குக்கும் ஏரிக்கும் நடுவே அன்றைக்கு மண் இருந்தது, புல் இருந்தது, குழி இருந்தது, கோரை இருந்தது. இன்றைக்கு நடுவே எதுவும் இல்லை.

ஓடுகள் போய் மாடிகள் வந்தன. தங்கும் விடுதிகள், வார இறுதி பங்களாக்கள், வண்டி நிறுத்தத் தளம் போட்ட முற்றங்கள். மண் பாதைகள் சிமென்ட் பாதைகள் ஆயின. குழந்தைகள் சேற்றில் வழுக்கி விழாமல் பள்ளிக்கூடம் போக முடிந்தது என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான், சிமென்ட் சாலை கேட்டு மனு எழுதியவர்களில் நானும் ஒருவன். ஆனால் மூடிய நிலத்தின் கணக்கு வேறு. மழைநீர் பற்றிய அமெரிக்க அரசுக் கையேடுகளில் ஒரு கணக்கு வழக்கமாகக் கொடுப்பார்கள். இயற்கையாக விட்ட நிலத்தில் பெய்யும் மழையில் ஏறத்தாழ 10 சதவீதம்தான் மேலோடு ஓடும். மற்றது மண்ணுக்குள்ளும் ஆவியாகவும் போகும். முக்கால் பங்குக்கு மேல் கட்டடமும் சாலையுமாக மூடிவிட்டால் ஓடுவது 55 சதவீதம் ஆகிவிடும். ஒரு ஏக்கரில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர். முன்பு 20,000 லிட்டர் ஓடிய இடத்தில் இப்போது 1,10,000 லிட்டர் ஓடுகிறது. மலைச் சரிவில் ஓட்டம் இன்னும் கூடும். ஆண்டுக்குச் சுமார் 1,500 மில்லிமீட்டர் மழை வாங்கும் ஊர் இது.

இவ்வளவு தண்ணீர் தெருவில் ஓடினால் வீட்டுக்குள் புகாதா? புகுந்தது. வடிகால் கேட்டார்கள். வடிகால் வந்தது. அடியும் பக்கமும் கான்கிரீட், மேலே மூடிப் பலகை. எங்கள் தெருவில் கட்டியபோது அங்கே நின்றிருந்த மேஸ்திரியிடம் பேசிப் பார்த்தேன்.

"மேஸ்திரி, அடியில மட்டும் கான்கிரீட் போடாம கல் பாவி உட்டா ஆகாதுங்களா? தண்ணி கொஞ்சம் எறங்குமே."

"ஐயா, எஸ்டிமேட்டுல இருக்கறதத்தாங்க நான் போட முடியும். டிச்சுல தண்ணி நிக்கக் கூடாதுங்க. வந்தா ஓடிரணும்."

"எங்க ஓடணும்?"

"ஏரிக்குத்தானுங்க" என்றார், கையைக் கீழ்ப்பக்கம் காட்டி. நல்ல மனிதர். வேலையும் சுத்தமாகவே செய்தார். மட்டம் பார்த்து, ஒரு சொட்டு தேங்காமல் வாட்டம் கொடுத்துக் கட்டினார். அந்த வாட்டம்தான் ஏரிக்கு எமனாயிற்று.

பருவத்தின் முதல் மழையை நின்று கவனித்தவர்களுக்கு இது தெரியும். மழை பிடித்த முதல் அரை மணி நேரத்தில் வடிகாலில் வரும் தண்ணீர் கறுப்பு. சாலையில் வாரக்கணக்கில் படிந்த எண்ணெய், டயர் தேய்ந்த தூள், பிரேக் தூள், சிகரெட் நுனி, பான் உறை, பஜ்ஜிக் கடை எண்ணெய், நாய்க் கழிவு எல்லாவற்றையும் முதல் மழை வழித்துக்கொண்டு வருகிறது. பிறகு வரும் தண்ணீர் அவ்வளவு மோசமில்லை. அன்று அந்த முதல் தண்ணீரைக் குடித்தது மண். இன்று ஏரி குடிக்கிறது. டயர் தூளில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மழைக்குப் பின் சால்மன் மீன்கள் கூட்டமாக ஏன் செத்து மிதக்கின்றன என்று பல ஆண்டுகள் தேடினார்கள். டயர் ரப்பர் வெடிக்காமல் இருக்கச் சேர்க்கும் ஒரு வேதிப்பொருள் காற்றில் மாறி உண்டாகும் நஞ்சுதான் காரணம் என்று 2020-ல் கண்டுபிடித்தார்கள். நம் ஏரி மீனை அது என்ன செய்கிறது என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் 20 வளைவிலும் பிரேக்கை அழுத்தி டயரைத் தேய்த்துக்கொண்டு, மே மாதக் கோடை விழாவுக்கு வரிசை கட்டி ஏறும் வண்டிகளைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அந்த மீன்கள் என் நினைவுக்கு வருகின்றன.

மழைநீர் வடிகால் என்று பெயர் இருந்தாலும் அதில் மழை இல்லாத நாளிலும் தண்ணீர் ஓடுகிறது. சமையலறை கழுவிய தண்ணீர், துணி வெளுத்த தண்ணீர், நிரம்பி வழியும் செப்டிக் டேங்க் தண்ணீர். கழிவுநீருக்கென்று தனி வழி இல்லாத ஊரில் எல்லாரும் கண்ணில் பட்ட வழியில்தான் விடுவார்கள். ஊட்டியில் கோடப்பமந்து கால்வாய் ஊரின் சாக்கடையைச் சுமந்து ஏரிக்குள் கொண்டுபோய்க் கொட்டிய கதை மலையூர்க்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். சோப்பிலும் மலத்திலும் இருக்கும் பாஸ்பரசும் நைட்ரஜனும் ஆகாயத்தாமரைக்கு உரம். நல்ல உரம் கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள்ளேயே இரட்டிப்பாகிவிடும் செடி அது. எங்கள் ஏரியிலும் அது படர்வதும், செலவு செய்து அள்ளுவதும், மறுபடி படர்வதும் நடந்துகொண்டே இருக்கிறது. அள்ளும் நாளில் படம் பிடிக்க எல்லாரும் வருகிறார்கள். உரம் எந்தக் குழாய் வழியாக வருகிறது என்று பார்க்கத் தெருவுக்குள் நடந்து வருபவர்களை நான் பார்த்ததில்லை. இதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன். ஏரிக்கரையில் நின்று ஏரியைச் சுத்தம் செய்ய முடியாது. அதற்கு மேலே ஏறி வர வேண்டும்.

இன்னொரு இழப்பு கோடையில்தான் தெரியும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை பெரும்பாலும் சார்னோக்கைட் பாறை. இரும்பு மாதிரிப் பாறை. அதற்குள் தண்ணீர் தங்க இடம் குறைவு. மேலே மக்கிக் கிடக்கும் மண்ணும், பாறை வெடிப்புகளும்தான் இந்த மலையின் தண்ணீர்த் தொட்டி. மழை பெய்கிறபோது அந்த மண்ணுக்குள் இறங்கினால்தான் பங்குனி, சித்திரையில் ஊற்று சுரக்கும். எங்கள் வீட்டுக்குக் கீழே ஒரு ஊற்று இருந்தது. அம்மாவும் அக்கம்பக்கத்துப் பெண்களும் விடியற்காலையில் போய் ஊறுகிற அளவுக்குக் காத்திருந்து மொண்டு வருவார்கள். கடும் கோடையில் கூட அது வற்றி நான் பார்த்ததில்லை. இப்போது மார்ச்சிலேயே அதில் ஈரம் இருப்பதில்லை. எங்கள் தெருவில் ஐப்பசியில் வாசலில் வெள்ளம், சித்திரையில் டிராக்டர் தொட்டிக்குக் காசு. மழைநீர் சேகரிப்பு 2003-ல் தமிழ்நாடு முழுவதும் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானது. என் தெருவில் அப்போது தோண்டிய குழிகளில் பல மண்மூடிக் கிடக்கின்றன. மாடியில் இருந்து இறங்கும் குழாய்கள் நேராக வடிகாலுக்குள் போய்ச் செருகியிருக்கின்றன.

அப்பாவின் வேலைக்கு என்ன ஆயிற்று என்றும் சொல்ல வேண்டும். அவர் ஓய்வு பெற்ற பிறகு வந்தவர்கள் சாலைப் பணியாளர்கள் என்று அழைக்கப்பட்டார்கள். 2002-ல் மாநிலம் முழுவதும் ஏறத்தாழ 10,000 சாலைப் பணியாளர்கள் ஒரே ஆணையில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். 2006-ல்தான் அவர்களுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. நடுவில் எத்தனை குடும்பங்கள் நொடிந்துபோயின என்பது தனிக் கதை, அதைப் பேச இந்தக் கட்டுரை போதாது. சாலைக்குச் செலவு என்றால் தார், பாலத்துக்குச் செலவு என்றால் கம்பி, சிமென்ட் என்று மட்டும் நினைக்கும் பழக்கம் அதற்குப் பிறகு வேரூன்றிவிட்டது. சிறுபாலத்தின் வாயில் இருந்து சருகை எடுக்கும் கைக்குக் கொடுக்கும் கூலி வீண் செலவாகத் தெரிகிறது. அந்தக் கூலியை மிச்சம் பிடித்ததன் விலையை மலைச்சாலை பிறகு கொடுக்கிறது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. அது வலுவிழந்து உள்நாட்டுக்குள் நகர்ந்தபோது, டிசம்பர் 1, 2 தேதிகளில், உள்மாவட்டங்களிலும் மழை கொட்டியது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். திருவண்ணாமலையில் மண்சரிவு வீட்டின் மேல் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். ஏற்காட்டிலும் பேய்மழை. மலைச்சாலையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. ஏற்காட்டுக்கு ஏறும் இன்னொரு சாலையான குப்பனூர் வழியிலும் அதே கதி. அப்படி ஒரு மழைக்கு எந்தக் காவாவும் ஈடு கொடுக்காது என்பார்கள். முழுக்க ஈடு கொடுக்காது என்பது உண்மைதான். ஆனால் எந்தச் சிறுபாலத்தின் வாய் திறந்திருந்தது, எது அடைத்திருந்தது என்பதைப் பொறுத்து ஒரு சாலை எந்த இடத்தில் அறும் என்பது மாறும். அப்பா இருந்திருந்தால் அந்த இரண்டு நாளும் வீட்டில் இருந்திருக்க மாட்டார்.

மலைமேல் உள்ளவர்களின் கவலையாக மட்டும் இதைப் பார்க்கக் கூடாது. சேர்வராயன் மலை நான்கு பக்கமும் தண்ணீர் கொடுக்கிறது. மஞ்சவாடிப் பக்கம் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகரத்தை நடுவே கடந்து நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. மேற்கே ஓமலூர்ப் பக்கம் இறங்குவது சரபங்கா. வடகிழக்கே பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் வாணியாறு, அதற்கு ஒரு அணை, அதை நம்பித் தருமபுரி மாவட்ட வயல்கள். தெற்கே அடிவாரத்தில் கன்னங்குறிச்சி மூக்கனேரி. 2010-ல் சேலம் மக்கள் குழு என்ற அமைப்பினர் பொதுமக்களிடம் பணம் திரட்டி அந்த ஏரியைத் தூர்வாரி, அள்ளிய மண்ணால் ஏரிக்குள்ளேயே சிறு தீவுகள் அமைத்து மரம் நட்டார்கள். பறவைகள் வந்தன. மேலிருந்து வருவது சேறும் சாக்கடையுமாக இருந்தால் அந்த உழைப்பு எத்தனை வருடம் தாங்கும்? எங்கள் மலைமேல் உள்ள சேர்வராயன் கோயில் குகைக்குள் சேர்வராயனுக்குப் பக்கத்தில் காவேரி அம்மனும் இருக்கிறாள். குகை தலைக்காவிரி வரை போகிறது என்பது இந்த மலையின் மலையாளிப் பழங்குடி மக்களின் நம்பிக்கை. மலையையும் காவிரியையும் ஒரே இடத்தில் வைத்துக் கும்பிட்டவர்களுக்கு, இங்கே விழும் துளி எங்கே போகிறது என்பது யாரும் சொல்லிக்கொடுத்துத் தெரிய வேண்டியதாக இருக்கவில்லை.

என் மகன் சில காலம் சிங்கப்பூரில் வேலை பார்த்தான். அவனைப் பார்க்கப் போனபோது பிஷான் பூங்காவுக்குக் கூட்டிப்போனான். அங்கே காலாங் ஆறு ஒரு காலத்தில் 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேர்கோட்டுக் கான்கிரீட் கால்வாயாக இருந்தது. அந்தக் கான்கிரீட்டை உடைத்து எடுத்துவிட்டு, வளைந்து நெளிந்து 3.2 கிலோமீட்டர் ஓடும் ஆறாக மாற்றி 2012-ல் திறந்தார்கள். கரையெல்லாம் புல், நாணல், கல். மழைத்தண்ணீர் ஆற்றுக்குள் போகும் முன் செடிகள் நட்ட தொட்டிகளில் தங்கி வடிந்து போகிறது. 2006-ல் இதற்கென்றே ஒரு திட்டம் தொடங்கி நாடு முழுவதும் செய்துகொண்டிருக்கிறார்கள். தண்ணீரில் வரும் அழுக்கைப் பிடித்து வைக்க அங்கே நட்டிருந்த செடிகளில் கல்வாழையைப் பார்த்ததும் நான் நின்றுவிட்டேன். எங்கள் வீட்டுச் சலதாரையில், பாத்திரம் கழுவிய தண்ணீர் விழும் இடத்தில் அம்மா வைத்திருந்தது அதே கல்வாழைதான். அதைத் தாண்டி ஒரு சொட்டு அழுக்குத் தண்ணீர் தெருவுக்குப் போனதில்லை. பணக்கார நாடு ஒன்று பெரும் செலவு செய்து திரும்பிப் போகும் இடத்தில் நாங்கள் 1970-களில் செலவில்லாமல் இருந்தோம். அங்கிருந்து கடன் வாங்கி, எஸ்டிமேட் போட்டு, வெளியே வந்தோம்.

செய்யக் கூடியது நிறைய இருக்கிறது, எதுவும் பெரிய வேலை இல்லை. மாடிக் குழாயை வடிகாலில் இருந்து பிடுங்கித் தோட்டத்துக்கோ குழிக்கோ திருப்புவது ஒரு கொத்தனாருக்கு அரை நாள் வேலை. காப்பித் தோட்டத்தை வாங்கி மனை பிரிப்பவர்கள் பழைய குழிகளைத் தூர்க்காமல், அந்த வரிசைகளைப் பொது இடமாக விட்டுவிடலாம். வண்டி நிறுத்தும் இடங்களுக்குக் கான்கிரீட்டுக்குப் பதில் இடைவெளி விட்டுக் கல் பாவலாம். விடுதிகளின் சமையலறைத் தண்ணீர் எண்ணெய் பிரிக்கும் தொட்டியைத் தாண்டாமல் வெளியே வரக் கூடாது என்று ஊராட்சி கறாராகச் சொல்லலாம். காலி மதுப் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் திருப்பித் தரும் முறை 2022-ல் நீலகிரியில் வந்த பிறகு காட்டில் உடைந்து கிடக்கும் கண்ணாடி குறைந்தது என்கிறார்கள். பணம் திரும்ப வரும் என்றால் மனிதர்கள் குனிந்து எடுக்கிறார்கள். அது போலக் கூலி கொடுத்தால் சருகை எடுக்கவும் குனிவார்கள். சிறுபாலங்களுக்கும் வடிகால்களுக்கும் மழைக்கு முன்னும் மழையின்போதும் நிற்க நிரந்தர ஆட்கள் வேண்டும். ஒப்பந்தக்காரர் பில் போட்ட மறுநாள் யாரும் இருப்பதில்லை.

எல்லாவற்றையும் விட அவசரமானது ஒன்று உண்டு. வடிகால்களை இனி இடிக்க முடியாது என்கிறார்கள், சரி. ஏரியில் சேரும் முன் கடைசி நூறு அடியையாவது மண்ணாக விடலாம். அங்கே கான்கிரீட்டை நிறுத்தி, தரையை அகலமாக்கி, சம்பும் கோரையும் கல்வாழையும் நட்டால் முதல் மழையின் கறுப்புத் தண்ணீர் அதில் தங்கி, கசடைப் போட்டுவிட்டுப் போகும். வருடத்துக்கு ஒரு தடவை கசடை அள்ள வேண்டும், செடியை அறுக்க வேண்டும், அவ்வளவுதான். பழைய சதுப்பின் மேல் மண் கொட்டிக் கடைகளும் வண்டிகளும் வந்துவிட்டன. ஆனாலும் இந்த அளவு இடம் இன்னும் இருக்கிறது. நான் நடந்து பார்த்துத்தான் சொல்கிறேன்.

மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடுகிறது. ஏற்காடு ஒன்றியத்தில் வீடோ தோட்டமோ விடுதியோ வைத்திருப்பவர்கள், வாக்கு இங்கே இருப்பவர்கள், தயவுசெய்து அந்தக் கூட்டத்துக்கு வாருங்கள். கடைசி நூறு அடியை மண்ணுக்கு விட வேண்டும் என்று ஒரு தீர்மானம் கேளுங்கள், அது பதிவேட்டில் ஏறும் வரை எழுந்து போகாதீர்கள்.